கொசுவழி நோய்ப் பரவல் சிமுலேஷன் தவறாக ஓடுகிறதா? அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் முறை

டெங்கு, மலேரியா, சிக்குன்குனியா, ஜிகா என எந்த நோயானாலும், கணினியில் அதன் பரவலை ஓட்டிப் பார்ப்பவர்கள் கொண்டுவரும் கோளாறுகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் இருக்கின்றன. நிரல் எந்தப் பிழைச் செய்தியும் தராமல் ஓடி முடிகிறது. வரைகோடு மட்டும் நம்பும்படி இல்லை. அப்படிப்பட்ட மாதிரிகளைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்யும் வேலையில் சேர்ந்த குறிப்புகள் இவை. உங்கள் திரையில் தெரியும் அறிகுறியைக் கண்டுபிடித்து, அதன் கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்து பாருங்கள். செலவில்லாத காரணங்கள் முதலில் வரும். நேரமும் தரவும் ஆளும் கேட்கும் காரணங்கள் கடைசியில்.

ஒன்றை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். காரணம் தெரியாமல் அளவுருக்களைத் திருகாதீர்கள். கடி வீதத்தைச் சற்று ஏற்றியோ கொசுவின் ஆயுளைச் சற்றுக் குறைத்தோ வரைகோட்டைத் தரவின்மேல் உட்கார வைத்துவிடலாம். உள்ளே இருந்த பிழை அங்கேயேதான் இருக்கும். மருந்தடித்தால் என்ன ஆகும் என்று கணிக்கும் நாளில் அது வெளியே வரும். அதற்குள் அந்த எண்ணை நம்பி ஒருவர் முடிவெடுத்திருப்பார்.

கீழே முதிர்வுக் காலம் என்று வருவது, தொற்றுள்ள ரத்தத்தைக் கொசு குடித்த நாளிலிருந்து அது பிறருக்குக் கடத்தத் தயாராகும் நாள் வரையான இடைவெளி. பரவல் எண் என்பது எல்லோரும் ஆர்-நாட் என்று சொல்வது: எதிர்ப்பே இல்லாத மக்களிடையே ஒரு நோயாளியால் சராசரியாக எத்தனை பேருக்குப் புதிதாகத் தொற்றும் என்ற எண். அது 1க்குக் கீழே இருந்தால் பரவல் அணைந்துவிடும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த மூன்று

கிருமியை நிறுத்திவிட்டுக் கொசுவை மட்டும் சில ஆண்டுகளுக்கு ஓட்டுங்கள். எல்லா ஆண்டுக்கும் ஒரே தட்பவெப்பத்தைக் கொடுங்கள். எண்ணிக்கை பருவத்தோடு ஏறி இறங்கி, ஆண்டுதோறும் அதே வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். பெருகிக்கொண்டே போனாலோ தேய்ந்து மறைந்தாலோ கோளாறு கொசுப் பகுதியில் இருக்கிறது. நோய்ப் பகுதியை இப்போது தொடவே வேண்டாம்.

அடுத்து, கொசுவை நிறுத்திவிட்டு நோயை ஓட்டுங்கள். புதிய தொற்று ஒன்றுகூட வரக் கூடாது. வைவாக்ஸ் மலேரியாவில் கல்லீரலில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழும் காய்ச்சல், ஜிகாவில் உடலுறவு வழிப் பரவல் ஆகியவற்றை நீங்களே சேர்த்திருந்தால் மட்டும் விதிவிலக்கு.

மூன்றாவது, கடிகளின் கணக்கு. ஒரு நாளில் எல்லாக் கொசுவும் சேர்ந்து மனிதர்களைக் கடித்த மொத்தமும், எல்லா மனிதர்களும் வாங்கிய கடிகளின் மொத்தமும் சமமாக இருக்க வேண்டும். இந்த ஒரு வரிச் சோதனையை நிரலிலேயே நிரந்தரமாக எழுதி வையுங்கள். கீழே வரும் பல அறிகுறிகளின் வேர் இந்தக் கணக்கு உதைப்பதில்தான் இருக்கிறது.

## அறிகுறி 1: நோய் பற்றிக்கொள்வதே இல்லை

தொற்றுள்ள சிலரை உள்ளே விடுகிறீர்கள். சில வாரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது.

### ஒவ்வொரு ஓட்டத்திலும் அணைகிறதா?

முதலில் அலகுகளைப் பாருங்கள். கடி வீதம் நாளுக்கு, தரவு வாரத்துக்கு, மழை மாதத்துக்கு என்று கலந்து கிடக்கும். வீதத்தையும் வாய்ப்பையும் குழப்புவது இதன் உடன்பிறப்பு. கொசுவின் இறப்பு வீதம் நாளுக்கு 0.1 என்றால், ஒரு வாரத்துக்குள் அது சாகும் வாய்ப்பு 0.7 ஆகிவிடாது, சுமார் 0.5 தான். 0.7 என்று எழுதிவிட்டால், தொற்றைக் கடத்தும் வயதுவரை வாழ வேண்டிய கொசுக்களை நீங்களே கொன்றுவிடுகிறீர்கள்.

அடுத்து, தொடக்க நாள். ஓட்டத்தின் முதல் நாளில் கொசு எண்ணிக்கை சுழியாகவோ வறண்ட பருவத்தின் அடிமட்டத்திலோ இருக்கிறதா? டெங்கு நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் பெரும்பாலும் நாலைந்து நாள்தான் கொசுவுக்குத் தொற்றும் அளவில் இருக்கும். கொசு பெருகும் முன்பே உங்கள் நோயாளிகள் அனைவரும் குணமாகிவிடுவார்கள். கொசுப் பகுதியை முன்கூட்டியே ஓராண்டு ஓடவிட்டு, நிலைபெற்ற பிறகு நோயாளிகளை உள்ளே விடுங்கள்.

பிறகு வெப்பநிலை. ஃபால்சிபாரம் மலேரியாவுக்குப் பலரும் எடுக்கும் பழைய சூத்திரம், வெப்பநிலையிலிருந்து 16ஐக் கழித்து, வந்த எண்ணால் 111ஐ வகுப்பது. 25 டிகிரி செல்சியஸில் முதிர்வுக் காலம் சுமார் 12 நாள்; 20 டிகிரியில் 28 நாளை ஒட்டி; 18 டிகிரியில் 55 நாளைத் தாண்டும். அவ்வளவு நாள் வாழும் கொசு மிகக் குறைவு, ஆகவே பரவல் நிற்பது சரிதான். ஆனால் ஒரே ஒரு குளிர் நாளில் வெப்பநிலை 15க்கு இறங்கினால், அந்தச் சூத்திரம் எதிர்மறை நாட்களைத் தரும். நிரல் முறையிடாது, விடை மட்டும் குலையும். 16 டிகிரிக்கும் அதற்குக் கீழும் வளர்ச்சி வீதம் சுழி என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

இவையெல்லாம் சரி என்றால், கொசுவின் பிழைப்பு விகிதத்துக்கு வாருங்கள். ஒரு நாளிலிருந்து மறுநாளுக்குப் பிழைக்கும் வாய்ப்பு 0.9 என்றால் 10 நாள் முதிர்வுக் காலத்தைத் தாண்டுபவை 35 சதவீதம். அதையே 0.8 என்று வைத்தால் 11 சதவீதம். ஏட்டில் சிறிய வேறுபாடாகத் தெரிவது பரவலில் மூன்று மடங்காகிறது. குறியிட்டு விட்டு மீண்டும் பிடிக்கும் கள ஆய்வுகளில், பறந்து எல்லை தாண்டிய கொசுவும் செத்ததாகவே கணக்காகிவிடும். அங்கிருந்து எண்ணை எடுத்திருந்தால் அது உண்மையைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

### சில ஓட்டங்களில் அணைந்து, சிலவற்றில் பற்றுகிறதா?

இது பிழையே அல்ல. ஒரு நோயாளி சராசரியாக 2 கொசுவுக்கும், ஒரு தொற்றுக் கொசு சராசரியாக 2 மனிதருக்கும் கடத்தும் எளிய தற்செயல் மாதிரியில் (ஒவ்வொரு கடியும் சாவும் குலுக்கல்போல் முடிவாகும் மாதிரி), ஒரே ஒரு நோயாளியில் தொடங்கினால் ஏறத்தாழப் பாதி ஓட்டங்கள் தாமாகவே அணையும். பத்துப் பேரில் தொடங்கினால் ஆயிரத்தில் ஒன்றுதான் அணையும். ஆகவே தொடக்க நோயாளிகளைப் பத்தாக ஏற்றிச் சோதியுங்கள். அப்போது பற்றிக்கொண்டால் மாதிரி நலமாக இருக்கிறது.

### எப்போது ஆளை அழைப்பது

மேலே சொன்னவை அனைத்தும் சரியாக இருந்தும், அறியப்பட்ட எல்லைக்கு வெளியே ஆயுளையோ கடி வீதத்தையோ வைத்தால்தான் நோய் பற்றும் என்ற நிலை வந்தால், பூச்சியியல் வல்லுநரைக் கேளுங்கள். நீங்கள் தவறான கொசு இனத்துக்கு மாதிரி எழுதிக்கொண்டிருக்கலாம்.

## அறிகுறி 2: எல்லோருக்கும் தொற்றிவிடுகிறது, உச்சி சீக்கிரமும் உயரமுமாக இருக்கிறது

அடிக்கடி வரும் அறிகுறி இது. காரணங்களும் இதற்குத்தான் அதிகம்.

### எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள்?

மாதிரி தருவது தொற்றுகள். மருத்துவமனைப் பதிவேடு தருவது அங்கே வந்தவர்கள். 2013இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்று, 2010ஆம் ஆண்டில் ஏறக்குறைய 39 கோடி டெங்குத் தொற்றுகள் நேர்ந்திருக்கும் என்றும், அவற்றில் 9.6 கோடி மட்டுமே நோயாக வெளிப்பட்டிருக்கும் என்றும் சொன்னது. வெளிப்பட்டவர்களிலும் ஒரு பகுதியினர்தான் பதிவாவார்கள். ஆகவே மாதிரிக்கும் தரவுக்கும் நடுவில், எத்தனை பங்கு பதிவாகிறது என்ற ஒரு படி இருந்தே ஆக வேண்டும். பல மாதிரிகளில் அது இல்லை. அதைச் சேர்த்தவுடன் வெடிப்பு என்று நினைத்தது அடங்கிவிடுகிறது.

### கொசுவை இரட்டிப்பாக எண்ணுகிறீர்களா?

கடிப்பது பெண் கொசு மட்டும். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவருபவற்றில் ஏறக்குறைய பாதி ஆண். அந்தப் பாதியைக் கழிக்காவிட்டால் எல்லாமே இருமடங்கு. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: அது மாட்டையும் கடிக்கும். மனித ரத்தம் குடிக்கும் பங்கைக் கடி வீதத்தோடு பெருக்கினீர்களா? இந்தப் பங்கு சூத்திரத்தில் இரண்டு முறை வருகிறது, கொசு தொற்றை வாங்கும்போது ஒருமுறை, கொடுக்கும்போது ஒருமுறை. பாதி என்பதை மறந்தால் பிழை நான்கு மடங்கு.

பொறியில் விழுந்த கொசுக்களை அப்படியே ஒரு மனிதருக்கு இத்தனை கொசு என்று போட்டிருந்தால் அதையும் திருத்துங்கள். பொறி எண்ணிக்கை ஏற்ற இறக்கத்தைக் காட்டும், அடர்த்தியைச் சொல்லாது.

### வெப்பநிலை எந்த அளவில் இருக்கிறது?

கோப்பிலிருந்து வந்த எண்கள் கெல்வினிலோ ஃபாரன்ஹீட்டிலோ இருக்கலாம். தட்பவெப்பத் தரவுத் தொகுப்புகள் பல கெல்வினில்தான் வருகின்றன. 298 என்ற எண்ணை அந்த மலேரியாச் சூத்திரத்தில் போட்டால் முதிர்வுக் காலம் அரை நாளுக்கும் குறைவு என்று வரும்.

வெப்பம் ஏற ஏறப் பரவலும் முடிவின்றி ஏறும்படி எழுதியிருந்தால் அதுவும் தவறு. ஏடிஸ் ஈஜிப்டி வழி டெங்குப் பரவலுக்கு உகந்த வெப்பநிலை 29 டிகிரியை ஒட்டியும், ஃபால்சிபாரம் மலேரியாவுக்கு 25 டிகிரியை ஒட்டியும் இருக்கிறது. அதற்கு மேலே கொசு சீக்கிரம் சாகிறது, பரவல் இறங்குகிறது.

### பரவல் எண்ணைக் கட்டுரையிலிருந்து எடுத்தீர்களா?

எடுத்த எண் மனிதரிலிருந்து மனிதருக்கான முழுச் சுற்றுக்கா, அல்லது மனிதர்–கொசு, கொசு–மனிதர் என்ற இரண்டு படிகளின் சராசரிக்கா என்று பாருங்கள். இரண்டாவது வகை, முதலாவதன் வர்க்கமூலம். ஒரு கட்டுரை முழுச் சுற்றுக்கு 4 என்று சொல்லியிருக்க, உங்கள் நிரல் வர்க்கமூல வகையைக் கணக்கிட்டு அதையே 4ஆகப் பொருத்தினால், உள்ளே முழுச் சுற்றுக்கு 16 ஓடிக்கொண்டிருக்கும். 1 என்ற எல்லைக்கோடு இரு வகைக்கும் பொது என்பதால் இந்தப் பிழை நெடுநாள் கண்ணில் படாமல் கிடக்கும்.

### முதிர்வுக் காலத்தை ஒரே பெட்டியில் அடைத்தீர்களா?

எனக்கு மிகவும் கவலை தரும் பிழை இது, ஏனென்றால் பாடப்புத்தக வடிவிலேயே வருகிறது. தொற்றிய கொசுக்களை ஒரே பெட்டியில், அதாவது ஒரே நிலையில் இருப்பவற்றைச் சேர்த்து எண்ணும் ஒரே தொகுப்பில் வைத்து, சராசரியாக 10 நாளில் வெளியேறும்படி எழுதினால், சில கொசுக்கள் முதல் நாளிலேயே கடத்தத் தொடங்கிவிடும். மனிதருக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. மனிதர் 10 நாளில் செத்துப்போவதில்லை. கொசு செத்துப்போகும்.

இறப்பு வீதம் நாளுக்கு 0.1, முதிர்வுக் காலம் 10 நாள் என்று எடுங்கள். ஒரே பெட்டி மாதிரியில் 50 சதவீதக் கொசுக்கள் முதிர்வைத் தாண்டும். 10 நாளைக் கறாராக வைத்தால் 37 சதவீதம். இறப்பு வீதம் 0.2 ஆனால் 33க்கு எதிராக 14. இரண்டு மடங்குக்கும் மேல். திருத்தம் எளிது: ஒரு பெட்டிக்குப் பதிலாகப் பத்துப் பெட்டிகளைத் தொடராக வையுங்கள், ஒவ்வொன்றிலும் சராசரி ஒரு நாள். முதல் எடுத்துக்காட்டில் 39 சதவீதம் வரும், உண்மைக்கு மிக அருகில். பிறகு பெட்டிகளின் எண்ணிக்கையை மாற்றி ஓட்டுங்கள். முடிவு பெரிதாக மாறினால் இந்த மாதிரிக்கு இது முக்கியம் என்று பொருள்.

### தொடக்கத்தில் எத்தனை பேருக்கு எதிர்ப்பு இருந்தது?

டெங்குவுக்கு நான்கு வகை வைரஸ். ஒருமுறை வந்த வகைக்கு எதிராக நீண்டகால எதிர்ப்பு கிடைக்கிறது. மற்ற வகைகளுக்கு எதிராகச் சில மாதங்களே நீடிக்கும் காப்பு. எல்லோரும் எதிர்ப்பற்றவர்கள் என்று தொடங்குவது, அந்த நோயை முன்பே கண்டிராத மக்களுக்குத்தான் பொருந்தும். அப்படிப்பட்ட இடங்களில்கூட நிலைமை என்ன? 2005–06இல் இந்தியப் பெருங்கடலிலுள்ள ரியூனியன் தீவில் சிக்குன்குனியா மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரைப் பிடித்தது. 2007இல் பசிபிக் பெருங்கடலிலுள்ள யாப் தீவில் ஜிகா ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினரைத் தொற்றியது. உங்கள் மாதிரி 99 சதவீதம் என்றால் சந்தேகப்படுங்கள்.

### எல்லாக் கொசுவும் எல்லோரையும் கடிக்கிறதா?

கடைசிக் காரணம், சரிசெய்ய அதிகம் செலவாவதும் இதுவே. ஏடிஸ் ஈஜிப்டி பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து நூறு இருநூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கிறது. ஒரு நகரம் முழுவதையும் ஒரே பெட்டியில் கலக்கும் மாதிரி, ஊரின் ஒரு கோடியிலிருக்கும் கொசுவை மறு கோடியில் கடிக்க விடுகிறது. நகரத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, பகுதிகளுக்கிடையே மனிதர்களை நடமாட விடுங்கள். தூரத்துக்குக் கிருமியைக் கொண்டுபோவது மனிதர்தான். பிரித்த பிறகு கடிக் கணக்குச் சோதனையை மீண்டும் ஓட்டுங்கள். பகல் நேரத்தில் ஆட்கள் வேறு பகுதிக்குப் போகும்போது கணக்கு உதைப்பது இங்கே சர்வசாதாரணம்.

### எப்போது ஆளை அழைப்பது

நடமாட்டத் தரவு தேவைப்படும் நிலை வந்ததும். தனிநபர் தகவல் அடங்கிய தரவு அது. கையாள விதிகள் உண்டு. அந்த அனுபவமுள்ள நோய்ப்பரவலியல் குழுவோடு சேர்ந்து செய்யுங்கள்.

## அறிகுறி 3: எதிர்மறை எண்கள், ‘நேன்’ (எண்ணே அல்லாத விடை), அல்லது கூட்டல் உதைக்கிறது

காலப்படியைப் பாதியாக்கி ஓட்டுங்கள். விடை மாறினால் குற்றவாளி அதுதான். நாளுக்கு ஒரு படி என்பது மனிதருக்குப் போதும். லார்வா நெருக்கத்தால் கொத்தாகச் சாகும் இடத்தில் போதாது. ஒரு படியில் பெட்டியில் இருப்பதைவிட அதிகமாக வெளியேற்றிவிடும். சுழிக்குக் கீழே போனால் சுழியாக்கு என்று ஒரு வரி எழுதி மூடிவிடாதீர்கள்: அந்த வரி ஒவ்வொரு முறையும் இல்லாத கொசுவை உருவாக்குகிறது. தேவைப்படும் இடத்தில் தானாகப் படியைச் சுருக்கிக்கொண்டு சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரலுக்கு மாறுங்கள்.

மனிதர்களின் கூட்டல் உதைத்தால், ஒரு பெட்டியிலிருந்து கழித்த உறுப்பு வேறொன்றில் கூடவில்லை. எல்லா வேறுபாட்டுச் சமன்பாடுகளையும் கூட்டிப் பாருங்கள். பிறப்பும் இறப்பும் தவிர எல்லாம் அடிபட வேண்டும். அடிபடாமல் நிற்கும் உறுப்புதான் நீங்கள் தேடுவது.

‘நேன்’ வந்தால் பெரும்பாலும் சுழியால் வகுத்திருப்பீர்கள், மக்களே இல்லாத ஒரு வரைபடக் கட்டத்தில். இந்த அறிகுறிக்கு வல்லுநர் அவசியப்படுவது அரிது.

## அறிகுறி 4: உச்சி வருகிறது, ஆனால் தவறான மாதத்தில்

சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து பாருங்கள்: மழை, லார்வா, வளர்ந்த கொசு, தொற்றுக் கொசு, தொற்றிய மனிதர், பதிவான நோயாளி. எந்த இரண்டு வரைகோடுகளுக்கு நடுவில் இடைவெளி நம்பும்படி இல்லை என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

எதிர்பார்க்க வேண்டியது இது. வெதுவெதுப்பான காலத்தில் ஏடிஸ் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக 7 முதல் 10 நாள். முதிர்வுக் காலம் வெப்பத்தைப் பொறுத்து ஒன்று முதல் இரண்டு வாரம். மனிதருக்குள் காய்ச்சல் அரும்ப 4 முதல் 10 நாள். அதன்மேல் மருத்துவரிடம் போகவும் பதிவாகவும் ஆகும் நாட்கள். முதல் சுற்றுக்கே ஏறத்தாழ ஒரு மாதம், உச்சிக்குப் பல சுற்றுகள். மழை பெய்த மறுவாரமே உங்கள் மாதிரியில் நோயாளிகள் எகிறினால் நடுவில் ஒரு கண்ணி விடுபட்டிருக்கிறது.

### ஓரிரு வாரம் மட்டும் தள்ளியிருக்கிறதா?

மாதிரியில் கைவைக்காதீர்கள். தரவிலுள்ள தேதி காய்ச்சல் தொடங்கிய தேதியா, பரிசோதனைத் தேதியா, பதிவுத் தேதியா என்று கேளுங்கள். வாரம் ஞாயிறில் தொடங்குகிறதா திங்களிலா என்பதும் வாரஎண் முறைக்கு முறை மாறும்.

### மாதக்கணக்கில் தள்ளியிருக்கிறதா?

மழைக்கும் கொசுவுக்கும் நேர்க்கோட்டு உறவு வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கனமழை லார்வாக்களை அடித்துக்கொண்டு போய்விடும். வறட்சியில் மக்கள் பாத்திரங்களில் நீரைச் சேமிப்பார்கள், ஏடிஸ் அங்கே முட்டையிடும். ஆகவே சில இடங்களில் மழையின் குறியே எதிர்மறையாக இருக்கலாம். ஏடிஸ் முட்டை காய்ந்த நிலையில் பல மாதம் உயிரோடு கிடந்து, நீர் பட்டதும் பொரியும். முட்டைக்கென்று தனிப் பெட்டி வைக்காத மாதிரி, பருவத்தின் முதல் கொசுக் கூட்டத்தைத் தாமதமாகவே காட்டும்.

மாதச் சராசரி வெப்பநிலையை உள்ளிட்டிருந்தால் நாளளவுக்கு மாற்றுங்கள். சராசரி வெப்பநிலையில் வரும் வளர்ச்சி வீதமும், நாள்தோறும் வரும் வளர்ச்சி வீதங்களின் சராசரியும் ஒன்றல்ல.

### எப்போது ஆளை அழைப்பது

மழையும் கொசுவும் ஒத்துப்போகாதபோது அந்த இடத்தின் கொசு எங்கே முட்டையிடுகிறது என்று நேரில் பார்த்தவர்தான் வேண்டும். களப்பணியாளரோடு ஒரு மணி நேரம் பேசுவது, நிரலோடு ஒரு மாதம் போராடுவதைவிடப் பலன் தரும்.

## அறிகுறி 5: பருவம் முடிந்ததும் நோய் ஒரேயடியாக மறைகிறது, அல்லது இல்லாத இடத்திலிருந்து திரும்புகிறது

சமன்பாட்டு மாதிரியில், பருவமற்ற மாதங்களில் தொற்றுக் கொசுக்கள் எத்தனை என்று அச்சிட்டுப் பாருங்கள். ஒன்றுக்கும் வெகு கீழே, ஒரு கோடியில் ஒரு பங்குக் கொசு என்று இருக்கும். அடுத்த மழையில் அந்தத் துளியிலிருந்தே பெரிய பரவல் எழும். உண்மையில் ஒரு கொசுவுக்குக் கீழே கொசு கிடையாது. இந்த அறிகுறி கண்டால் குறைந்த எண்ணிக்கைக் காலத்தைத் தற்செயல் மாதிரியில் ஓட்டுங்கள்.

தற்செயல் மாதிரிக்கு மாறியதும் எதிர்ப்பக்கச் சிக்கல் வரும், அணைந்தது திரும்பாது. அப்போது வெளியிலிருந்து வரும் நோயாளிகளை இடையிடையே உள்ளே விடுங்கள். வைவாக்ஸ் என்றால் மீளெழும் காய்ச்சலைச் சேர்க்காமல் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

## அறிகுறி 6: பல ஓட்டங்களின் முடிவு விசித்திரமாக இருக்கிறது

எல்லா ஓட்டமும் அச்சுப்போல் ஒன்றாக இருந்தால், இணையாக ஓடும் எல்லாச் செயலிகளும் ஒரே விதை எண்ணில் (தற்செயல் எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்) தொடங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி விதை கொடுத்து, அதை விடையோடு சேர்த்துச் சேமியுங்கள்.

சராசரிக் கோடு எந்தத் தனி ஓட்டத்தையும் போல் இல்லை, தாழ்ந்து அகன்று கிடக்கிறது என்றால், அணைந்த ஓட்டங்களையும் பற்றிய ஓட்டங்களையும் ஒன்றாகச் சராசரி எடுத்திருக்கிறீர்கள். வெவ்வேறு வாரத்தில் வரும் உச்சிகளும் சராசரியில் ஒன்றையொன்று கரைத்துவிடும். எத்தனை பங்கு அணைந்தது என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். மற்றவற்றில் ஒவ்வொரு ஓட்டத்தின் உச்சியையும் எடுத்து, அந்த உச்சிகள் எந்த எல்லைக்குள் சிதறிக் கிடக்கின்றன என்று காட்டுங்கள். மருத்துவமனைப் படுக்கைகளைத் திட்டமிடுபவருக்குத் தேவை அதுதான். சராசரிக் கோட்டின் உச்சியை நம்பினால் படுக்கை பற்றாமல் போகும்.

ஓட்டம் மிக மெதுவாக இருந்தால், ஒவ்வொரு கொசுவையும் தனியாளாக வைத்திருக்கிறீர்கள். மனிதர்களைத் தனித்தனியாகவும் கொசுக்களைப் பகுதிவாரி, வயதுவாரி எண்ணிக்கையாகவும் வையுங்கள். பெரும்பாலான கேள்விகளுக்கு இதுவே போதும்.

## அறிகுறி 7: பழைய தரவோடு அழகாகப் பொருந்துகிறது, கணிப்பு மட்டும் பொய்க்கிறது

முதல் சோதனை செலவில்லாதது. பொருத்தும் நிரலை வெவ்வேறு தொடக்கப் புள்ளிகளிலிருந்து பலமுறை ஓட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் கோடு ஒன்றாகவும் அளவுருக்கள் வேறாகவும் வந்தால், தரவு அவற்றைப் பிரித்தறியப் போதாது. கொசு அடர்த்தி, ஒரு கடிக்குத் தொற்றும் வாய்ப்பு, பதிவாகும் பங்கு ஆகியவை ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். அவற்றின் பெருக்கல் மட்டுமே தரவில் தெரியும்.

இரண்டாவது சோதனையை யாரும் தவிர்க்க வேண்டாம் என்பேன். உங்களுக்குத் தெரிந்த அளவுருக்களை வைத்து மாதிரியிலிருந்தே பொய்த் தரவு உருவாக்குங்கள். அதை உங்கள் பொருத்தும் நிரலுக்குக் கொடுத்து, அதே அளவுருக்கள் திரும்பக் கிடைக்கின்றனவா பாருங்கள். கிடைக்காவிட்டால் உண்மைத் தரவிலிருந்தும் கிடைக்காது.

திருத்தம்: முதிர்வுக் காலம், மனித நோயரும்பு காலம் போன்று ஆய்வகத்தில் அளந்தவற்றை அந்த அளவிலேயே நிறுத்திவிட்டு, ஓரிரண்டை மட்டும் பொருத்துங்கள். கடைசிப் பருவத்தை ஒளித்துவைத்து, முந்தையவற்றால் அதைக் கணியுங்கள்.

இதற்கும் அசையவில்லை என்றால் தேவைப்படுவது புதுத் தரவு: மக்களின் ரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்க்கும் ஆய்வு ஒன்று, பதிவாகும் பங்கை மற்றவற்றிலிருந்து பிரித்துக் கொடுக்கும். அந்த ஆய்வைத் திட்டமிடும் முன், எத்தனை பேரிடம் ரத்தம் எடுக்க வேண்டும் என்பதற்குப் புள்ளியியலாளரை அழையுங்கள். ரத்தம் எடுத்த பிறகு அழைத்துப் பலனில்லை.

## அறிகுறி 8: கட்டுப்பாட்டு நடவடிக்கையால் எதுவும் மாறவில்லை, அல்லது நம்பமுடியாத அளவுக்கு மாறுகிறது

முதலில் மூன்று நெம்புகோல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். கொசு அடர்த்தியைப் பாதியாக்கினால் முழுச் சுற்றுப் பரவல் எண் பாதியாக வேண்டும். கடி வீதத்தைப் பாதியாக்கினால் கால்வாசி ஆக வேண்டும். அடர்த்தியை மாற்றாமல், கொசுவின் இறப்பு வீதத்தை நாளுக்கு 0.1இலிருந்து 0.2 ஆக்கினால், முதிர்வுக் காலம் 10 நாள் எனில், ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்க வேண்டும். 1950களில் மலேரியா ஆய்வாளர் ஜார்ஜ் மெக்டொனால்ட் தம் கணக்கில் வலியுறுத்தியது இந்த மூன்றாவதைத்தான்: வயதான கொசுவே ஆபத்து. உங்கள் மாதிரியில் இந்த விகிதங்கள் வரவில்லை என்றால் நடவடிக்கையின் நிரலைப் பார்க்கவே வேண்டாம். கோளாறு அறிகுறி 2இல் சொன்ன இடங்களில் இருக்கிறது.

### பலன் மிகையாக வருகிறதா?

இறப்பு வீதத்தைக் கூட்டும்போது கொசு அடர்த்தியும் தானாக இறங்கும்படி எழுதியிருந்தால், அடர்த்தியைத் தனியாகவும் குறைத்து இரண்டு முறை கழித்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

புகைமருந்து நிரந்தரமாக இறப்பு வீதத்தை ஏற்றுவதாக எழுதியிருக்கிறீர்களா? அது அடித்த நேரத்தில் பறக்கும் கொசுவைக் கொல்லும், மிச்சம் வைக்காது. நீருக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்கள் அடுத்த நாட்களில் வெளிவரும். அடித்த நாளில் மட்டும் சாவு, பிறகு பழைய வீதம் என்று எழுதுங்கள். எண்பது சதவீத வீடுகளில் அடித்தால் எண்பது சதவீதப் பலன் என்றும் வைக்காதீர்கள். விடுபட்ட வீடுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் கூட்டமாக இருக்கும், அங்கேயே பரவல் தொடரும்.

கொசுவலை டெங்குவை வெகுவாகக் குறைக்கிறது என்று மாதிரி சொன்னால், கடிக்கும் நேரத்தை மறந்திருக்கிறீர்கள். ஏடிஸ் பகலில் கடிக்கிறது. இரவில் கடிக்கும் அனோபிலிஸுக்கு வலை கொடுக்கும் பலனை அதற்குக் கொடுக்கக் கூடாது.

### பலனே தெரியவில்லையா?

லார்வாவைக் கொன்றும் வளர்ந்த கொசு குறையவில்லை என்றால், நெருக்கச் சாவை எந்தக் கட்டத்தில் வைத்தீர்கள் என்று பாருங்கள். நெருக்கத்தால் சாகவிருந்த லார்வாக்களையே நீங்கள் முன்கூட்டிக் கொன்றால், மிஞ்சியவை வசதியாக வளர்ந்துவிடும். இது உண்மையிலும் நடக்கும், ஆகவே உடனே பிழை என்று முடிவுகட்ட வேண்டாம். நெருக்கச் சாவின் வலிமையை மாற்றி மாற்றி ஓட்டி, முடிவு எந்த எல்லைக்குள் ஆடுகிறது என்று காட்டுங்கள்.

மருந்தடிக்கத் தொடங்கும் நாளையும் பாருங்கள். உச்சி தாண்டிய பிறகு அடித்தால், எதிர்ப்பற்றவர்கள் குறைந்து பரவல் தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும். மருந்தின் பங்கு அதில் தெரியாது. நடவடிக்கை இல்லாத ஓட்டத்தையும் உள்ள ஓட்டத்தையும் ஒரே விதை எண்ணில் தொடங்கி, இரண்டும் பிரியும் நாள் நடவடிக்கையின் நாள்தானா என்று சோதியுங்கள். அதற்கு முன்பே பிரிந்தால் நிரலில் வேறெதுவோ மாறியிருக்கிறது.

டெங்கு வைரஸை அடக்கும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏற்றிய கொசுக்களை விடுவதைச் சேர்த்திருந்தால் ஒப்பிட ஓர் அளவுகோல் உண்டு. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்து 2021இல் வெளியான கள ஆய்வில், உறுதிப்படுத்தப்பட்ட டெங்கு 77 சதவீதம் குறைந்தது. அந்தக் கொசு நிலைபெற மாதங்கள் ஆகும். விட்ட மறுவாரமே உங்கள் மாதிரியில் பலன் தெரிந்தால் நிலைபெறும் கட்டத்தை விட்டுவிட்டீர்கள்.

### எப்போது ஆளை அழைப்பது

எந்தப் பகுதியில் அடிப்பது, எதை நிறுத்துவது என்ற முடிவு உங்கள் எண்ணைப் பார்த்து எடுக்கப்படும் என்றால், எண்ணை வெளியே அனுப்பும் முன்பே அழையுங்கள். அந்தப் பகுதிக் கொசுவுக்கு அந்த மருந்தின்மேல் எதிர்ப்பு ஏற்பட்டிருக்கிறதா என்பதை மருந்துணர்வுச் சோதனை செய்த பூச்சியியல் பிரிவுதான் சொல்ல முடியும். உங்கள் நிரலில் அது வெறும் ஓர் எண்; அங்கிருந்து வராதவரை அந்த இடத்தில் ஒரே மதிப்பைப் போடாமல், பலன் முழுதாக இருப்பதிலிருந்து பாதிக்கும் கீழே போவது வரை ஓட்டி, எல்லா முடிவுகளையும் சேர்த்துக் கொடுங்கள். நிரலை எழுதாத ஒருவர் அதே கேள்வியை வேறொரு மாதிரியில் ஓட்டிப் பார்ப்பதற்கும் நேரம் ஒதுக்குங்கள். இரண்டு மாதிரிகளும் வேறு விடை சொன்னால், எந்த அளவுருவில் பிரிகின்றன என்று கண்டுபிடிக்கும் வரை முடிவெடுப்பவரிடம் இரண்டையும் காட்டுங்கள்.